ஒரே பல்லுக்கு நான்கு முன்பதிவு

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கத்துடன் உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே மகள், மாப்பிள்ளை, நான் மூவரும் நலம். ஊரிலிருந்து என்னோடு புறப்பட்டு வந்த முழங்கால் வலியும் நலம். உங்கள் நலத்தையும் அக்காவின் நலத்தையும், உங்கள் பொறுப்பில் விட்டு வந்திருக்கும் உங்கள் தங்கையின் கோபம் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாமே என்பீர்கள். இந்த வீட்டில் நான் ஹலோ என்றால் மூன்று தலைகள் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கின்றன. அதனால்தான் பேனாவைப் பிடித்தேன்.

மகளுக்காக அந்தப் பெரிய கம்பெனியில் நீங்கள் பேசி வைத்திருக்கும் வேலைக்கு முடிவு கேட்டிருந்தீர்கள். முடிவைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் இதில் உங்கள் பல்லும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

கூடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை இருக்கிறது. அதன் மேல் சாப்பாடு தவிர எல்லாம் இருக்கிறது. ஒரு பக்கம் மகள், எதிரே மாப்பிள்ளை, மேசைத் தலைமாட்டில் அவர்களுடைய கூட்டாளி. அவருக்குப் பெயர் இருக்கும்தான், ஆனால் எல்லாரும் 'தாடி' என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். மூவரும் சேர்ந்து பிரேம்வொர்க் என்று ஒன்று செய்திருக்கிறார்கள். அது என்ன, எதற்கு என்று கேட்டுக் கேட்டு மாப்பிள்ளையைக் குடைந்துவிட்டேன். "மாமா, வெப்சைட்ங்கிறது ஒரு வீடுன்னு வெச்சுக்குங்க. நாங்க வீடு கட்றதில்ல. தூண், உத்தரம், படிக்கட்டு, குழாய், வயரிங் எல்லாம் தயாரா செஞ்சு குடுக்கிறோம். வாங்கிட்டுப் போறவங்க சுவர் வெச்சு வர்ணம் அடிச்சுக்குவாங்க" என்றார். "யாராவது குடி வந்துட்டாங்களா?" என்று கேட்டேன். "ஒருத்தர் வந்திருக்காங்க" என்றார். அந்த ஒருவர்தான் பல் மருத்துவமனை.

கிளை கிளையாக வைத்து நடத்துகிற மருத்துவமனை அது. நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே நேரம் குறித்துக்கொள்ளும் பக்கத்தை இவர்களுடைய தூண்களின் மேல்தான் எழுப்பியிருக்கிறார்கள். எழுப்பித் திறந்தால், ஒரு ஆள் ஒரு பல்லுக்கு நேரம் கேட்கிறார், நாலு நேரம் பதிவாகிவிடுகிறது. டாக்டர் கையில் குறடோடு காத்திருக்கிறார், வருகிறவர் ஒருவர்தான், மீதி நேரமெல்லாம் நாற்காலி காலி, வலியில் துடிக்கிற மற்றவர்களுக்கோ இடமே இல்லை என்று பக்கம் கையை விரிக்கிறது. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு மட்டும் ஆகிறது, ஏன் என்றுதான் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரி செய்யாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இருக்கிற ஒரே குடித்தனமும் காலி செய்துவிட்டால் இவர்கள் கடையைச் சாத்த வேண்டியதுதான். கைநிறையச் சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டு மகள் இதில் இறங்கியபோது நீங்களும் நானும் என்ன சொன்னோமோ அது பலித்துவிடும்.

இவர்கள் பழுதைத் தேடுகிற விதத்தைப் பார்ப்பதற்காகவே நான் காலையில் சீக்கிரம் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறேன். மகள் அந்த எழுத்துக் காட்டுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக 'இங்க வந்துட்டேன்', 'இங்கயும் வந்துட்டேன்' என்று எழுதி வைக்கிறாள். ஓட விட்டால், வேலை எதுவரை போகிறதோ அதுவரை திரையில் வரிசையாகக் குரல் கொடுக்கிறது. எங்கே குரல் நிற்கிறதோ அங்கே பழுது. அது நின்றால்தானே? கடைசிவரை சமர்த்தாகப் போய் ஒரே ஒரு பதிவைப் போட்டுவிட்டு வருகிறது. "நம்ம மெஷின்ல வரவே மாட்டேங்குது" என்று மூவரும் மாறி மாறிச் சொல்கிறார்கள். தாடி சர்வர் மேல் சந்தேகப்படுகிறார், அது மாப்பிள்ளையின் பொறுப்பு. மாப்பிள்ளை தகவல் கிடங்கின் மேல் சந்தேகப்படுகிறார், அது தாடியின் பொறுப்பு. எந்த வரியை யார் எழுதியது என்று காட்டுகிற வசதி ஒன்றும் இருக்கிறது. "இந்தக் கண்றாவிய யாரு எழுதினது?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். மாப்பிள்ளை பவ்யமாக ஒரு பட்டனைத் தட்டினார். மகளின் பெயர் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது, அதனால் கணக்கில் வராது என்றாள். இந்த வசதி நம் வீட்டில் இருந்திருந்தால் உங்கள் தங்கையோடு நான் போட்ட சண்டைகளில் பாதி நடந்தே இருக்காது. மீதிப் பாதியில் நான் தோற்றிருப்பேன்.

நான் சும்மா உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்து மகள் ஒரு பழைய டேப்லெட்டைக் கையில் கொடுத்தாள். மருத்துவமனைப் பக்கத்தின் சோதனைப் பிரதி ஒன்று அதில் இருக்கிறது, எதைத் தட்டினாலும் யாருக்கும் சேதம் இல்லையாம். "இத வெச்சுக்கிட்டு நீங்க பாட்டுக்கு நேரம் குறிச்சுக்கிட்டு இருங்கப்பா" என்றாள். எனக்குப் பொழுது போகிறது. என் பெயரில் பல்வலியை வரவழைத்துக்கொள்ள மனம் வராததால் சொந்தக்காரர்களை எல்லாம் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நேற்று 'பெரிய மச்சான், கடைவாய்ப் பல்' என்று போட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். டேப்லெட் கொஞ்சம் மந்தம். பட்டனை ஒருமுறை அமுக்கினால் அசையாது. இரண்டாம் முறை அமுக்கினால் யோசிக்கும். மூன்றாவதும் நான்காவதும் சற்றுக் கோபமாக அமுக்கினால், 'நன்றி, உங்கள் முன்பதிவு ஏற்கப்பட்டது' என்று மரியாதையாகச் சொல்லும். இந்தக் காலத்துச் சாமான்களுக்கும் ஓர் அதட்டல் தேவைப்படுகிறது.

இதைவிட வேடிக்கை இனிமேல்தான். இந்த வாரம் சோதனைப் பிரதியிலும் நாலு நாலாகப் பதிவுகள் விழத் தொடங்கிவிட்டன. மூவருக்கும் கண்ணில் ஒளி வந்துவிட்டது, கூடவே பயமும் வந்துவிட்டது, ஏனென்றால் அவர்கள் யாரும் அதைச் செய்யவில்லை. பொய் நோயாளிகளை உண்டாக்கி அனுப்புகிற ஒரு நிரலைத் தாடி எழுதி ஓட விட்டிருக்கிறார், அதில்தான் கோளாறு என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், அவர் தாடியைச் சொறிந்துகொண்டே இருக்கிறார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று என் காலத்து லிஃப்ட் கதையைச் சொன்னேன். பழுது பார்க்கப் போகிற இடமெல்லாம் பார்ப்பேனே, பட்டனில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், வருகிறவன் போகிறவன் எல்லாம் அதையே குத்திக்கொண்டிருப்பான். "ஒரு தடவ அமுக்கினாப் போதும்யா" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போயிற்று. ஜனங்களுக்குப் பொறுமையே கிடையாது என்றேன். மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

இனி முடிவுக்கு வருகிறேன். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. இன்று மத்தியானம் மகள் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்மா என்றேன். சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி சுவரையே பார்த்தாள். நாம் சொன்னது பலிப்பதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை, மச்சான். ஆனால் அவள் தோற்று நிற்கும்போது கையில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ஆகவே அந்தக் கம்பெனியில் சம்மதம் என்று சொல்லிவிடுங்கள். அவளிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் புறப்படுமுன் அவளைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு.

உங்களுக்கும் அக்காவுக்கும் என் வணக்கங்கள், வீட்டிலுள்ள சிறுசுகளுக்கு என் ஆசிகள். நான் மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று உங்கள் தங்கையிடம் சொல்லவும். நிஜம்தானா என்று கேட்டால், கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லவும்.

என்றும் உங்கள் வார்த்தையைத் தட்டாத,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். முழங்கால் வலியால் தபால் பெட்டிவரை போகாமல் இருந்தேன், அதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இன்று சனிக்கிழமை. திரும்ப முதலிலிருந்து எழுதக் கையில் தெம்பில்லை, அதனால் இதிலேயே ஒட்டுகிறேன். வியாழக்கிழமை காலை தாடி தன் நிரலை நிறுத்திப் பார்த்தார். பொய் நோயாளிகள் எல்லாம் நின்ற பிறகும் யாரோ ஒருவர் நாலு நாலாக வந்துகொண்டே இருந்தார். இவர்கள் நோயாளியின் எண்ணைத்தான் பார்ப்பார்களாம், பெயரைத் திறப்பதில்லையாம். மகள் திறந்தாள். பார்த்துவிட்டு ரொம்ப நிதானமாக, "ஏம்ப்பா, பெரிய மச்சானுக்கு இன்னும் கடைவாய்ப் பல் வலி போகலையா?" என்று கேட்டாள். மூவரும் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். "எப்பவும் எப்படி அமுக்குவீங்களோ அப்படியே அமுக்குங்கப்பா" என்றாள். அமுக்கினேன். நாலாவது அமுக்கலில் தாடி ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. இவர்களுடைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் புதிது, பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும், யார் விரலும் இரண்டாம் தடவை போவதில்லை. பழைய போன் வைத்திருக்கிற நோயாளிகள்தான் என்னைப்போலவே குத்தியிருக்கிறார்கள், ஒவ்வொரு குத்தும் ஒரு பதிவாக விழுந்திருக்கிறது. "ஒரு தடவ அமுக்கினாப் போதும்னு சொன்னீங்களே மாமா" என்றார் மாப்பிள்ளை. எனக்குக் காது கேட்கவில்லை என்பதுபோல் இருந்துவிட்டேன்.

இப்போது பிரேம்வொர்க்குக்குள்ளேயே ஒரு புது ஏற்பாடு சேர்த்துவிட்டார்கள். பக்கத்தைத் திறக்கும்போதே ஒரு டோக்கன் கையில் கொடுத்துவிடும். அதே டோக்கனோடு எத்தனை தடவை வந்து கதவைத் தட்டினாலும், 'ஏற்கெனவே பதிவாகிவிட்டது' என்று சொல்லி அனுப்பிவிடும். இனிமேல் இவர்களிடம் தூண் வாங்குகிற எல்லாருக்கும் இது சேர்ந்தே வரும். நேற்று மாலை மருத்துவமனையே கூப்பிட்டு, இருந்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. ஆகவே அந்தக் கம்பெனிக்காரர்களிடம் ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள். என் மேலேயே பழியைப் போடுங்கள்.

மகள் என்னிடம் வந்து, "அப்பா, நாளைக்கே போகணுமா? இன்னும் கொஞ்ச நாள் இருங்கப்பா. உங்கள மாதிரி பொறுமையில்லாத ஆள் எங்களுக்கு வேணும்" என்றாள். வேலையை விட்ட நாளிலிருந்து அவள் என்னிடம் வேண்டும் என்று கேட்டது இது ஒன்றைத்தான். சரி என்று சொல்லிவிட்டேன். இதை உங்கள் தங்கையிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மகளே பக்கத்தில் உட்கார்ந்து என் ரயில் டிக்கெட்டை ரத்து செய்கிற பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒருமுறை அமுக்கியிருக்கிறேன். இன்னும் ஒன்றும் அசையவில்லை. விரல் துடிக்கிறது, மச்சான், ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.