பதினோராவது மாடிக்குப் போகும் மூச்சு

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவன் துணையால் இங்கே நாங்கள் சுகம். உன் காலில் இருக்கும் மாவுக்கட்டும், அதற்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் கோபமும் சீக்கிரம் கழன்று விழ வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். "கால் உடைஞ்சு கிடக்கேன், கூடப்பிறந்தவ எட்டிப் பார்க்கலை" என்று நீ அத்தானிடம் சொன்னது நியாயம்தான். உன் வீடு பதினோராவது மாடியில் இருப்பதும், லிஃப்ட் கதவு மூடினாலே என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதும் உனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த அக்கா வேறு, இந்த அக்கா வேறு. வியாழக்கிழமை வருகிறேன். லிஃப்டில் வருகிறேன்.

எல்லாம் மூச்சுதான். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையில் படித்தேன். மூக்கால் மெதுவாக இழுக்க வேண்டும், நெஞ்சைத் தூக்கக்கூடாது, வயிறுதான் உப்ப வேண்டும், நாலு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விட வேண்டும், நரம்பெல்லாம் தானாக அடங்கிவிடும். முதலில் எனக்கு மனசு ஒப்பவில்லை. இத்தனை வருஷம் வரவுக்குள் செலவை அடக்கிக் கணக்கு எழுதுகிறவளிடம் போய், நாலு வரவு வைத்து ஆறு செலவு செய் என்றால்? மீதி இரண்டை யார் தருவது? அப்புறம் அது ஆண்டவன் கணக்கு என்று விட்டுவிட்டேன். எண்களுக்குப் பதில் அவன் பெயரையே நாலு தரம் சொல்லி இழுத்து, ஆறு தரம் சொல்லி விடுகிறேன். புண்ணியமும் சேருகிறது.

ஒத்திகைக்கு லிஃப்டுக்கு எங்கே போவது? துணி அலமாரியில் நடுத்தட்டைக் கழற்றிவிட்டு நான் உள்ளே நின்றுகொண்டேன்; உன் அத்தான் வெளியே கதவைச் சாத்திக்கொண்டு மாடி மாடியாகக் கூவினார். முதல் நாள் இரண்டாவது மாடியிலேயே கத்திவிட்டேன். "இன்னும் பால்கனி உயரமே வரலை, அதுக்குள்ளயா?" என்றார். நேற்று "ஏழாவது மாடி!" என்று கூவியவர், கேஸ்காரர் மணியடித்ததும் போய் அவரோடு கிரிக்கெட் பேச உட்கார்ந்துவிட்டார். என் நினைப்பே இல்லை. ஒரு பாட்டம் பேசி முடித்து, சட்டை எடுக்கக் கதவைத் திறந்தவர்தான் அலறினார். நான் அலறவில்லை. போர்வைமேல் சாய்ந்து சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். "அடிப்பாவி, உயிரே போயிடுச்சு!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டவருக்கு, "வயித்தால இழுங்க, மெதுவா விடுங்க" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முகம் தெளிந்ததும், "இப்ப எந்த மாடியில இருக்கோம்?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

ஆகையால் நீயும் பழகு. கட்டுக்குள்ளே அரிக்கும்போது செய். என்னை நினைத்துப் பல்லைக் கடிக்கும்போதும் செய்.

எலும்பு கூடி, நீ எழுந்து நடமாட அவன் அருள் செய்யட்டும். உன் வீட்டுக்காரரை மிகவும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
பயம் தெளிந்த உன் அக்கா

பி.கு.: இன்று வியாழன். தபாலில் போட நேரமில்லாமல் இதைக் கையோடு கொண்டு வந்தேன். லிஃப்ட் மூன்று தரம் வந்து கதவைத் திறந்து காத்திருந்தது. மனசு அமைதியாகத்தான் இருந்தது, கால்தான் நகரவில்லை. "ஏறுங்கம்மா, கடிக்காது" என்றார் வாட்ச்மேன். படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன். இப்போது ஏழாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். நிஜ ஏழாவது. மூக்காவது, வயிறாவது! வாயால்தான் இரைக்கிறது; வரவும் தெரியவில்லை, செலவும் தெரியவில்லை. இங்கே கேன் போட வந்த தண்ணீர்க்காரர் லிஃப்டில் மேலே போகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கோபம் இருந்தால் இருக்கட்டும், கதவை மட்டும் திறந்து வைக்கச் சொல். வந்து நின்று உன்னைக் கூப்பிட எனக்கு மூச்சு இருக்காது.