ஒக்சுன்னின் காரில் கருகும் வாசனை

பாலத்தைத் தாண்டுவதற்குள் மறுபடியும் அந்த வாசனை வந்துவிட்டது.

"யாரோ எதையோ வறுக்கிற மாதிரி இருக்குப்பா," என்றாள் சூல்கி, கார் கண்ணாடியை இறக்கிக்கொண்டே.

"ரோட்டுல இருந்து வருது," என்றார் மான்சிக்.

"ரோட்டுல எந்த இடத்துல? நாம போற இடமெல்லாமா?"

மான்சிக் தன் பக்கக் கண்ணாடியையும் இறக்கினார். அவருடைய முழங்கால்கள் ஸ்டீயரிங்கின் இருபுறமும் முட்டிக்கொண்டிருந்தன. கார் அவர் மனைவி ஒக்சுன்னுடையது. குள்ளமான அவள் முன்னால் இழுத்து வைத்திருந்த இருக்கையை, அவள் இறந்த பிறகும் அவர் பின்னால் தள்ளவில்லை.

"இன்னொரு தடவை இந்த நாத்தம் வந்தா, வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம். நடுரோட்டுல தீப்பிடிச்சா நான் யார்கிட்டப் போய் அழறது? எனக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

ஒக்சுன்னின் துணிகளை வழக்கப்படி ஏற்கெனவே எரித்தாயிற்று. மிஞ்சியிருப்பது கார்தான்.

அடுத்த தெரு மெக்கானிக் மோந்து பார்த்தான். "இனிப்பு வாசனைன்னா ரேடியேட்டர் தண்ணிதான் ஒழுகுது பெரியவரே," என்று குழாயை மாற்றினான். பழைய வாசனையோடு ரப்பர் வாசனையும் சேர்ந்துகொண்டது.

மான்சிக் லாவண்டர் பூ வாசனைப் பைகளை வாங்கிக் காருக்குள் தொங்கவிட்டார். ஒருநாள் வண்டியில் ஏறிய பக்கத்து வீட்டுக்காரர் சந்தைக்கு முன்பே இறங்கிக்கொண்டார். "பூந்தோட்டத்துல கஞ்சி அடிப்பிடிச்ச மாதிரி இருக்கு. நான் நடந்தே போயிக்கிறேன்."

ஞாயிறன்று அவர் ஒக்சுன்னிடமே முறையிடப் போனார். அவள் சமாதி மலைச்சரிவில் இருந்தது. புறப்படும் முன், படையலுக்கான செஸ்ட்நட் கொட்டைகளைத் தோல் சீவி, முறைப்படி மேலும் கீழும் தட்டையாக வெட்டிக்கொண்டார். அவர் கை பட்டால் எல்லாம் கோணல்தான். அவள் இருந்தபோதும், அவள் கார் எடுத்துக் கிளம்பும்போதெல்லாம் இதேபோல் ஒரு டப்பா நிறையச் சீவிக் கொடுப்பார். சாயங்காலம் டப்பா காலியாக, கழுவித் துடைத்துத் திரும்பி வரும்.

காரை மரத்தடியில் விட்டுவிட்டு, சமாதிக் கல்லின் மேல் தட்டை வைத்தார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். இறந்தவர்கள் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது. அவளோ மெதுவாகச் சாப்பிடுகிறவள். வேண்டிய நேரம் கொடுத்தார். நடுவில் கொஞ்சம் தூங்கவும் செய்தார். திரும்பியபோது, வாராவாரம் போல, தட்டு காலி.

அந்தக் காலித் தட்டைப் பார்க்கத்தான் அவர் மலையேறி வந்துகொண்டிருந்தார்.

"உன் காரை இரும்புக்குப் போடச் சொல்றா உன் பொண்ணு," என்றார். "நீதான் பார்த்து ஏதாவது பண்ணணும்." லஞ்சமாக இன்னொரு தட்டு வைத்துத் திரும்பி உட்கார்ந்தார். அதுவும் தீர்ந்தது.

மலையிறங்கும்போது என்ஜினிலிருந்து புகையே வந்துவிட்டது.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் கிபோங்கின் பட்டறையில் விட்டார்கள். ஒக்சுன் எப்போதும் ரிப்பேருக்கு வண்டி விட்ட இடம். அவளைப் பற்றி விசாரிப்பானே என்று பயந்துதான் மான்சிக் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். செய்தி கேட்டு சூல்கியும் ஓடி வந்தாள்.

கிபோங் எதையும் விசாரிக்கவில்லை. மூடியைத் தூக்கி, என்ஜின் ஓரத்தில் கையை விட்டுத் துழாவினான்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லண்ணே. அணில் உள்ளே தீனிக் கிடங்கு போட்டிருக்கு."

கை நிறைய அள்ளி நீட்டினான். பாதி கரி. மீதியில் தோல் இல்லை. மேலும் கீழும் தட்டையாக, கோணலாக வெட்டியிருந்தது.

சூல்கி முகம் மலர்ந்தாள். "அப்பா, அப்ப வண்டி நல்லாத்தான் இருக்கு. வச்சுக்கலாம்."

மான்சிக் அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவ ஒண்ணுகூடச் சாப்பிடலையா?" என்றார்.

சூல்கி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கிபோங் கருகாத ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாயில் போட்டுக்கொண்டான்.

"இந்த வெட்டை எனக்கு நல்லாத் தெரியும்ண்ணே. அண்ணி வரும்போதெல்லாம் ஒரு டப்பா நிறையக் கொண்டாந்து, 'எனக்கு இது தொண்டையில இறங்காது கிபோங், அவர் ஆசையாச் சீவினதைத் தூக்கிப் போடவும் மனசு வரலை, நீ தின்னுட்டு டப்பாவை நல்லாக் கழுவிக் குடு'ன்னு சொல்லுவாங்க."