நாற்பத்தொன்பதாம் அகலக்கோடும் கரம்பொன் வேலியும்

அடிமட்டத்தை நெஞ்சோடு அணைத்த அண்ணலே, பென்சில் முனையால் பூவுலகை வகுந்த புரவலரே, மை காயும் வரை மூச்சை அடக்கும் முனிபுங்கவரே, வளைவென்ற சொல்லைக் கேட்டாலே வெகுண்டெழும் கரம்பொன் வேங்கையே, சேவேயர் விஸ்வலிங்கனாரே, நும் கோடு வாழ்க, நும் கோட்டின் இரு நுனியும் வாழ்க, நுனிக்கு நுனி நீர் கட்டிய கயிறும் நீடூழி வாழ்க.

உண்மையைச் சொல்லப்போனால் அவர் நிலம் அளக்கும் சேவேயர் அல்லர். நில அளவைக் கந்தோரில் முப்பத்தாறு ஆண்டுகள் மின்விசிறிக்குக் கீழே குந்தியிருந்து, மற்றவர்கள் வெயிலில் காய்ந்து அளந்து வந்த புள்ளிகளை அடிமட்டம் வைத்து இணைத்த படவரைஞர். கரம்பொன் ஊரே சேவேயர் என்றது, அவர் திருத்தவில்லை. நெடுந்தீவுக்கு அப்பால் இரு தேசங்களைப் பிரிக்கும் கடலெல்லையை ஒரு படத்தின் பிரதியில் தம் கையாலேயே மையிட்டது அவர் வாழ்வின் மணிமகுடம். அந்தக் கடலை அவர் போய்ப் பார்த்ததில்லை. குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகைக் கண்டாலே அவருக்கு வயிற்றைப் பிரட்டும்.

இத்தகைய பெருமகனுக்கு விதி வகுத்த பகைவன் ஒரு வேலி. ஒழுங்கையோரக் கல்லில் பிறந்து, பூவரசுகளை உரசி, வாழைக்கூட்டத்துள் மறைந்து, இரு வீட்டாரும் ஆளுக்கொரு பக்கம் நின்று நல்லதண்ணி அள்ளும் பங்குக் கிணற்றின் நடுவால் ஏறி இறங்கி, பின்வளவுக் கல்லில் முடிவெய்தும் நூற்றுச்சொச்சம் அடி நீளக் கிளுவை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மனோகரி. மிளகாய்க் கன்று நடுவதையன்றி வேறு படையெடுப்பு அறியாதவர். வேலிக்கு நட்ட கிளுவங்கதியால் உயிருள்ள கம்பு. தளிர்க்கும், தடிக்கும், வெயில் கண்ட பக்கம் சாயும். ஒரு பங்குனிக் காலையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி பத்திரிகையைக் குழலாகச் சுருட்டி ஒற்றைக் கண்ணால் நோக்கிய விஸ்வலிங்கனார், ஒழுங்கைப் பக்கத்தில் அந்த வேலி தம் நிலத்துள் ஒரு சாண் புகுந்து நிற்பதைக் கண்டார். கண்ட மாத்திரத்தில் அவருடைய தேகமெல்லாம் கொதித்தது.

வேலியடைப்புக் காலம் அது. போர் தொடுக்க அதனினும் நல்ல முகூர்த்தம் இல்லை. அன்று மாலையே அவர் ஒழுங்கை நடுவே நின்று, பால் வாங்கப் போனவரும் கோயிலுக்குப் போனவரும் கேட்கப் பிரகடனம் செய்தார்:

“உலகப் படத்தை எடுத்துப் பாருங்கோ. கனடாவையும் அமெரிக்காவையும் பிரிக்கிற கோடு, நாற்பத்தொன்பதாம் அகலக்கோடு, ஆயிரம் மைலுக்கு மேலை அடிமட்டம் வைச்ச மாதிரிக் கிடக்குது. அவ்வளவு பெரிய தேசங்களே நேராய் நிக்கேக்கை, கரம்பொனிலை ஒரு வேலி வளையலாமோ? காணி உறுதியிலை கல்லுக்குக் கல்லு நேர் எண்டு கிடக்கு. கயிறு எங்கை விழுகுதோ, அங்கைதான் வேலி. இதிலை மாற்றம் இல்லை.”

மனோகரி இதைக் கேட்டுப் பதறவில்லை, கோபிக்கவுமில்லை. கனடாவில் அந்த எல்லைக்குக் கிட்ட வாழும் மகள் தர்சனாவிடம் கதையோடு கதையாகச் சொன்னார். தர்சனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் தாயின் கைபேசி வேலிக்கு மேலால் நீண்டது. திரையில் கம்பளித் தொப்பியோடு ஒரு முகம்.

“மாமா, அந்தக் கோடு நேர் இல்லை. அந்தக் காலத்திலை வானத்து வெள்ளியளைப் பாத்து அளந்தவை. மலை இருக்கிற பக்கம் தூக்குக்குண்டு இழுபட்டுப் போச்சாம். நட்ட கல்லுகள் சில இடத்திலை இருநூறு அடி வடக்கை, சில இடத்திலை தெற்கை. பாம்பு போன மாதிரி.”

“பிறகு திருத்தியிருப்பினம், பிள்ளை.”

“இல்லை மாமா. கல்லு நிக்கிற இடந்தான் எல்லை எண்டு ரெண்டு நாடும் ஒத்துக்கொண்டிட்டுது. ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை.”

விஸ்வலிங்கனார் ஒரு கணம் ஆடிப்போனார். முப்பத்தாறு ஆண்டுகள் மையிட்ட கோடுகள் அத்தனையும் அவர் மனக்கண்முன் நெளிந்தன. ஆயினும் வீரர் அல்லவா, நிமிர்ந்தார். “அது கல்லு நட்டவன்ரை பிழை,” என்றார். “கோட்டின்ரை பிழை இல்லை.” கைபேசி வேலிக்கு அப்பால் இறங்கியது.

மூன்றாம் நாள் உதயத்தில் படை திரண்டது. சேனாதிபதி அப்புத்துரை, கரம்பொனில் பாதி வேலி அவர் கட்டியதுதான். ஆயுதம் நைலோன் கயிறு ஒரு கட்டு, அலவாங்கு ஒன்று, கத்தி இரண்டு. வேடிக்கை பார்க்க ஒழுங்கையில் ஒன்பது பேரும் இரண்டு சைக்கிளும். விஸ்வலிங்கனாரின் மனைவி சிவயோகம் குசினி வாசலில் கை துடைத்தபடி நின்றார்.

கயிறு எழுந்தது, ஒழுங்கைக் கல்லில் முடிச்சுண்டது, பின்வளவுக் கல்லை நோக்கி அம்பெனப் பாய்ந்தது, இழுபட்டு விம்மியது. பூவரசடியில் பகைவேலி ஒரு சாண் பின்வாங்கியது. கிளுவைகள் வேரோடு சரிந்தன. ஒரு சாண் அகலமும் பதினோரடி நீளமும் கொண்ட, நாயுருவியன்றி வேறொன்றும் விளைந்தறியாத அந்த மண், வெற்றிவீரர் காலடியில் கிடந்தது. விஸ்வலிங்கனார் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஒருமுறை நடந்தார். அவருக்குக் கண் கலங்கியது.

அப்புறம் அப்புத்துரை வாழைக்கூட்டத்துள் புகுந்து கயிற்றைத் தொடர்ந்து போனார்.

“ஐயா, இஞ்சை ஒருக்கால் வாருங்கோ.”

கயிறு கிணற்றுக்கு ஓரடி இப்பால் நேராகக் கிடந்தது. கிணறு, கட்டு, துலாக்கால் எல்லாம் அப்பால், மனோகரியின் பக்கம். உறுதி எழுதிய காலத்தில் அந்தக் கிணறே இல்லை. பின்னாளில் இரு வீட்டு மூத்தவர்களும் சேர்ந்து தோண்டி, நல்லதண்ணி எங்கே ஊறியதோ அங்கே வேலியை வளைத்து, ஆளுக்குப் பாதி என்று வைத்திருந்தார்கள். அந்த வளைவை வாழையிலை மறைத்தது. நேர்கோட்டுக்காகவே பிறந்த கண்கள் அதை ஒருநாளும் காணவில்லை. விஸ்வலிங்கனாரின் வளவில் தனியாக இன்னொரு கிணறு உண்டு. அது உவர்.

அவர் கயிற்றை மறுபடி அவிழ்த்துக் கட்டச் செய்தார். ஒற்றைக் கண்ணால் பார்த்தார், மற்றக் கண்ணால் பார்த்தார். கயிறு முன்னிலும் நேராக நின்றது.

“அண்ணை,” என்றார் மனோகரி, கிணற்றுக்கட்டில் வாளியை வைத்தபடி, “கிணத்தடியிலை பழைய மாதிரியே விடுவம். ரோட்டுப் பக்கம் நீங்கள் கேட்ட சாணை எடுங்கோ. தண்ணி ரெண்டு வீட்டுக்கும் பொதுதானே.”

எவ்வளவு நல்ல வார்த்தை. ஓம் என்று சொல்ல அவருக்கு உயிரே துடித்தது. ஆனால் ஒழுங்கையில் ஒன்பது பேர் நின்றார்கள், இப்போது பதினொருவர். கயிறு விழுந்த இடந்தான் வேலி என்று அவர்கள் காதுபடச் சொன்ன வாய் அது. வளையும் கோடு அவர் கையிலிருந்து ஒருநாளும் பிறந்ததில்லை.

“சொன்னது சொன்னதுதான், தங்கச்சி,” என்றார். “அப்புத்துரை, கதியாலை நடும்.”

அலவாங்கு மண்ணில் இறங்கியது. அப்புத்துரை பாதி வேலி முடித்துக் கிணற்றடிக்கு வந்ததும் நிமிர்ந்து முதுகைப் பிடித்தார்.

“ஐயா, இதிலை ஒரு பொட்டு விடட்டோ? ஒரு ஆள் நுழையிற அளவுக்கு. அவசரத்துக்கு வந்து போகலாம்.”

“வேண்டாம்,” என்றார் விஸ்வலிங்கனார். “எந்த நாட்டு எல்லைப் படத்திலை பொட்டுப் போட்டுக் கிடக்கு?”

குசினி வாசலில் நின்ற சிவயோகம் அப்போதுதான் வாய் திறந்தார். “தண்ணி அள்ளுறது இனி உங்கடை வேலை. என்னாலை ஏலாது.” சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பொழுது சாய்வதற்குள் வேலி முடிந்தது. பனையோலை வரிந்து, மூன்று வரிச்சுக் கட்டி, கல்லுக்குக் கல் அம்பு போன்று, தேசங்கள் கனவிலும் காணாத நேர்மையோடு, பாரெங்கும் உள்ள எல்லைகள் வந்து பார்த்துப் பாடம் படிக்கத்தக்க கோலத்தோடு அது நின்றது. எலி நுழையவும் அதில் வழியில்லை. ஒழுங்கையில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். வெற்றித் திருமகள் மாலையோடு இறங்கிவர, வாகை சூடிய வேங்கை வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒற்றைக் கண்ணால் நோக்கி, பிழையொன்றும் காணாது பெருமூச்செறிந்தது.

மறுநாள் காலை விஸ்வலிங்கம் இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் சுற்றிப்போய் மனோகரி வீட்டுப் படலையைத் தட்டினார்.