சிவப்பு சுவிட்சும் கிராணியாரின் வாக்குமூலமும்

பெண் வீட்டார் முன்னால் புத்திசாலியாகத் தெரிய ஆசைப்படும் இளைஞனை ஆகாய விமானத்தின் பக்கத்தில் விடக்கூடாது. விட்டார்கள். அந்த இளைஞன் நான்தான்.

மலாயாவில் வெள்ளைக்காரச் சர்க்கார் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அறிவித்த அவசரகாலத்தில், சுங்கைப்பட்டாணிக்கு வெளியே ஒரு சின்ன விமானத் திடலில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு விமானத்திலிருந்து ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்வார்கள். அதன் தமிழ்க் குரல் என்னுடையது, முன்கூட்டியே நாடாவில் பதிந்தது. "காட்டிலிருக்கும் சகோதரர்களே, பயப்படாமல் வெளியே வாருங்கள்" என்று உருகியிருப்பேன். என் குரலைக் கேட்டு யாரும் வெளியே வந்ததாகத் தகவல் இல்லை. (இன்னும் உள்ளே போனார்களா என்று நான் விசாரிக்கவில்லை.)

ஒருநாள் காலை, சுற்றுவட்டார எஸ்டேட்களில் கணக்கெழுதும் கிராணிமார்களை விமானம் பார்க்க அழைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெடோங் பக்கத்துக் கிராணி சுப்பையா. அவர் மகள் சரோஜாவை எனக்குக் கேட்டு என் அப்பா போயிருந்தார். பையனை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார் கிராணி. இப்போது பார்க்க வந்துவிட்டார், கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டையில், புதிதாக வாங்கிய காரில்.

விமானி இருக்கை வரை அவரை அழைத்துப் போனேன். மேலே பறப்பது நம்முடைய விமானம்தான் என்று கீழே இருப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நல்ல கேள்வி. எனக்குப் பதிலும் தெரியும். அதுதான் வினை.

ரேடார் திரையில் எந்த விமானமும் வெறும் புள்ளிதான் என்றேன். அதனால் தரையிலிருந்து வானொலி அலையில் 'நீ யார்?' என்று ஒரு கேள்வி போகும். விமானத்திலுள்ள பெட்டி, விமானி வாயைத் திறக்காமலே, குறித்துவைத்த அடையாளத்தைப் பதிலாக அனுப்பும். பதில் வந்தால் புள்ளியின் பக்கத்தில் ஒரு கோடு விழும். நம்மாள் என்று அர்த்தம். (இப்போது டிரான்ஸ்பாண்டர் என்கிறார்கள்; பறக்கும் உயரத்தைக்கூட அதுவே சொல்லிவிடுகிறதாம். நாங்கள் பதில் பெட்டி என்போம்.)

கிராணி தலையாட்டினார். அங்கே நிறுத்தியிருக்கலாம். "ஆபத்துன்னா இந்தச் செவப்பு சுவிட்சுங்க ஐயா. தட்டினா கோடு தடிச்சிடும்" என்று சொல்லி, அதைக் கட்டியிருந்த மெல்லிய கம்பியை அவிழ்த்து, தட்டியும் காட்டினேன். மின்சாரம் இல்லாததால் ஒன்றும் நடக்கவில்லை. கம்பியைப் பொறுப்பாகத் திரும்பச் சுற்றிவைத்தேன். சுவிட்சைத்தான் திருப்பவில்லை.

விருந்தினர் கைதட்ட, விமானம் ஏறிப் போனது. பத்தே நிமிடத்தில் ரேடார் நிலையத்திலிருந்து தொலைபேசி: உங்கள் விமானம் ஆபத்தில் இருக்கிறது. வானொலியில் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி இரைச்சலில் விமானிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த தொலைபேசி: ஜெராய் மலைக்குப் பின்னால் புள்ளியே மறைந்துவிட்டது. விழுந்துவிட்டதென்றே முடிவு கட்டினார்கள். ஆம்புலன்ஸ், இரண்டு லாரி நிறையச் சிப்பாய்கள், அதுவும் போதாதென்று விருந்தினர் கார்கள், எல்லாம் மலைக்கு அந்தப்புறமிருக்கும் யான் என்ற ஊர்ப்பக்கம் பறந்தன. கிராணியின் காரில் வழிகேட்டுச் சொல்ல என்னை ஏற்றினார்கள்.

பாதி வழியில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கிராணி கேட்டார்: "தம்பி, அந்தச் செவப்பு சுவிட்சு. திருப்பி வச்சியா?"

நான் ஜன்னல் வழியே வயலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் கார் வரப்பில் சறுக்கி நெல் வயலுக்குள் இறங்கிவிட்டது.

முழங்கால் சேற்றில் நாங்கள் தள்ளிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே ஒரு குறையுமில்லாமல் வந்தது விமானம். "சகோதரர்களே, பயப்படாமல் வெளியே வாருங்கள்" என்றது என் குரல். மண்வெட்டியோடு வந்த மலாய்க்காரர் ஒருவர், அது என்ன சொல்கிறது என்று கேட்டார். கிராணி நிதானமாகப் பதில் சொன்னார்: "டியா சுரோ கித்தா கெலுவார்." நம்மை வெளியே வரச் சொல்கிறான்.

அதோடு சிரிப்பு முடிந்தது. விமானம் இறங்கியதும் சுவிட்சைக் கண்டுபிடித்தார்கள். அவிழ்த்த கம்பியைத் திரும்பச் சுற்றியிருந்ததுதான் போலீஸ் இன்ஸ்பெக்டரை உறுத்தியது. தடயத்தை மறைத்திருக்கிறான், காட்டுக்காரர்களின் ஆளாக இருக்கலாம் என்றார். அந்த நாளில் அந்தச் சந்தேகம் ஒன்றே போதும், விசாரணையில்லாமல் உள்ளே வைக்க. சேறு காய்ந்த கால்சட்டையோடு கிராணியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் கோபம் தமிழில்தான் வந்தது. அங்கே இருந்த ஒரே மொழிபெயர்ப்பாளன் நான்.

"இவன் கம்யூனிஸ்டு இல்லைங்க. அதுக்குக் கொஞ்சமாச்சும் மூளை வேணும். பொண்ணு குடுக்கிறவன் பாக்கிறானேன்னு வித்தை காட்டினான்."

சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த வேலையில் நான் பிழையில்லாமல் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான். தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, என்னை விட்டுவிட்டார்கள். வேலை போயிற்று. சரோஜா கிடைத்தாள். செய்த தப்பை மறைக்கக்கூடத் தெரியாதவன், இவனோடு பிழைத்துக்கொள்வாள் என்றாராம் மாமனார்.

வாக்குமூலத்தின் நகலை அவர் கல்யாணச் சீராகவே மகளிடம் கொடுத்துவிட்டார். பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டு அலமாரியில், கல்யாணப் பத்திரத்துக்கு மேலே அது இருக்கிறது. நான் எதையாவது அடித்துப் பேசினால் சரோஜா வாதாடுவதில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறப்பாள். போன மாதம் பேத்தியை நிச்சயம் செய்ய வந்த சம்பந்தி, இதென்ன காகிதம் என்று கேட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார். படித்து முடித்து, முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சர்க்காரே சொல்லியிருக்குலா."