பளிச் பாயும் ஒரு மஞ்சள் பல்பும்

சூரியனுக்கு அடுத்தபடியாகத் தாம்பரத்தின் வெளிச்சத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டவர் எங்கள் தெரு பளிச் பாய்தான். மேற்குத் தாம்பரத்தில் மெத்தை, தலையணைக் கடை வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயரை அவர் வீட்டு ரேஷன் கார்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது.

எல்.இ.டி. பல்புகள் கார் சாமான் கடைகளுக்கு வர ஆரம்பித்த புதிது. மவுண்ட் ரோடு பக்கம் போய் ஒரு பை நிறைய வாங்கி வந்தவர், மெத்தை ஏற்றும் தன் பழைய ஆம்னி வேனிலிருந்து மஞ்சள் பல்புகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டார்.

"இன்னும் எவ்ளோ நாளைக்கு தம்பி மஞ்ச வெளிச்சத்துல குந்திக்கினு இருக்கறது? காமாலை புடிச்ச மாதிரி கீது. எல்லாத்தையும் குப்பையில கடாசிட்டேன்" என்று தெரு முழுக்க அறிவித்தார்.

மெக்கானிக்கை வண்டிப் பக்கம் விட மாட்டார். எல்.இ.டி.க்கு பிளஸ், மைனஸ் உண்டு; திருப்பி மாட்டினால் எரியாது. பாய்க்கு எப்போதும் முதல் தடவை திருப்பித்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை என்றால் வேனுக்குள் தலையும் தெருவில் காலுமாகக் கிடந்து பல்பைத் திட்டிக்கொண்டிருப்பார்.

விளைவுகளைச் சொல்ல வேண்டும். பின்பக்கச் சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்.இ.டி.யைப் போட்டதில், பிரேக் அடித்தால் ரோஸ் கலரில் எரியும். இண்டிகேட்டர் கதை இன்னும் மோசம். புது பல்பு இழுக்கும் கரண்ட் ரொம்பக் கொஞ்சம் என்பதால், பல்பே போய்விட்டது என்று பழைய வண்டி நினைத்துக்கொண்டு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பயந்துபோய் ஒதுங்கி வழிவிட்டார்.

"இன்னா பாய், இப்டி துடிக்குது? உள்ள பிரசவ கேஸா?"

"மெத்தைப்பா."

"மெத்தைக்கா இவ்ளோ அவசரம்?"

வேனுக்குள் கூரையிலும் சீட்டுக்கு அடியிலும் நீல வெளிச்சம். "ஏரோப்ளேன்ல இப்டித்தான் கீதாம்" என்பார். அவர் ஏரோப்ளேனைப் பார்த்ததெல்லாம் மீனம்பாக்கம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான்.

அப்போதுதான் என் தங்கை வசந்திக்குக் குன்றத்தூர் மலைக் கோயிலில் கல்யாணம் வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் முகூர்த்தம். பெண்ணும் மற்றவர்களும் முன்னாலேயே போய்விட்டார்கள். தாலித் தட்டோடு அத்தையும் நானும் மட்டும் பாக்கி. வெளியே மழை. சொல்லி வைத்திருந்த டாக்சி வரவில்லை. "நான் இல்லையா?" என்று பளிச் பாய் வேனோடு வந்து நின்றார். வேறு வழியில்லாமல் ஏறினோம்.

தட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு, அதன் மேல் மஞ்சள் கயிற்றில் கோத்த தாலி. நகை விஷயத்தில் அத்தையைப் போல உஷாரான ஆள் கிடையாது என்றுதான் அவர் மடியில் வைத்திருந்தோம். அத்தை பல்லாவரம் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

மலையடிவாரத்தில் ஒரு பள்ளம். தட்டு எகிறியது. மரத்தடியில் வண்டியை நிறுத்திப் பொறுக்கினோம். தேங்காய் கிடைத்தது, பாக்குகூடக் கிடைத்தது, தாலியைக் காணோம்.

செல்போன் அடித்தது. வசந்தி.

"அண்ணா, எங்க இருக்கே? குருக்கள் தாலி கேக்கறாரு. மாப்பிள்ளை வீட்ல எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க."

"வந்துட்டோம்மா" என்றேன். தாலி தொலைந்த கல்யாணம் என்று ஒரு பேர் வந்துவிட்டால் அவள்தான் காலம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"வெளிச்சத்துக்கு இன்னா குறைச்சல்?" என்று பாய் எல்லா விளக்கையும் போட்டார். அத்தை நீலம், நான் நீலம், தேங்காய் நீலம். நீல வெளிச்சத்தில் மஞ்சள் கறுப்பாகிவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தடவிப் பார்க்கலாம் என்றால் அது மெத்தை வேன். தரை முழுக்கப் பஞ்சும் மெத்தை தைக்கிற நூலும். "கிடைச்சுடுச்சு" என்று நான் தூக்கிப் பிடித்ததெல்லாம் மெத்தை நூல். என் செல்போனிலோ டார்ச் கிடையாது.

"டேய், எல்லாமே கறுப்பா தெரியுதேடா, நல்ல நாளும் அதுவுமா" என்று அத்தை அழ ஆரம்பித்தார்.

பாய் நீல விளக்கை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு ஸ்வீட் பாக்ஸை எடுத்தார். உள்ளே இலவம் பஞ்சில் பத்திரமாகச் சுற்றிய பழைய பல்புகள்.

"குப்பையில போட்டேன்னீங்களே பாய்?"

"போடத்தான் போனேன். எரியற பல்பை எப்டி தம்பி கடாசறது? மனசு வரல. நீ கொஞ்சம் தலைய நகத்து."

கூரையிலிருந்த நீலத்தைப் பிடுங்கிவிட்டுப் பழசை மாட்டினார். "இதுக்கு பிளஸ்ஸும் கிடையாது, மைனஸும் கிடையாது. எப்டி போட்டாலும் எரியும், பாவம்."

மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. சைடு கதவு ஓடுகிற பள்ளத்தில் கயிறும் தாலியும் பளபளவென்று கிடந்தன. பாய் எடுக்கப் போய், கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார்.

"நீங்களே எடுங்கம்மா. பெரியவங்க எடுத்தா நல்லது."

அத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தட்டோடு படியேறி ஓடினேன். மேளம் கொட்டி, வசந்தி கழுத்தில் தாலி ஏறியதைப் பார்த்த பிறகுதான் மூச்சே விட்டேன். கூட்டத்தின் கடைசியில் தாடியெல்லாம் பஞ்சோடு பாய் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்.

கீழே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, மஞ்ச பல்பு மேட்டர் தெருவுல யாருக்கும் தெரிய வேணாம்." சரி என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகும் வேன் முழுக்க நீலம்தான், கூரையில் அந்த ஒன்றைத் தவிர. ஏன் அது மட்டும் மஞ்சள் என்று யாராவது கேட்டால், "ஸ்டாக் இல்லப்பா, வந்ததும் மாத்தணும்" என்பார். வருஷக்கணக்கில் ஸ்டாக் வரவில்லை. டாஷ்போர்டுக்குள் புது பல்பு பாக்கெட் பிரிக்காமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வசந்தி பிறந்த வீட்டுக்கு வருகிறாள் என்றால் ஸ்டேஷனுக்கு வேனோடு போய் நிற்பவர் அவர்தான். அவள் ஏறி உட்கார்ந்ததும், பட்டப் பகலாக இருந்தாலும், அந்த மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.