ஓரத்தில் தெரியும் பெட்டி

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் வேறு வழியில்லாமல் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கும் அவசியம் இந்த முறை இல்லை. தினமும் உங்கள் அக்காவோடு நீங்கள் தொலைபேசியில் சிரிக்கும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்கிறது. நான் உள்ளே நுழைந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது என்பதையும் கவனித்து வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு சும்மா உட்கார்ந்து வீட்டில் இருப்பவர்களைச் சந்தேகப்படுவதற்குப் பதிலாக, ஒரு கேமரா வாங்கி அன்றாடம் கண்ணில் படுவதைப் படம் எடுங்கள் என்று யோசனை சொன்னவர் நீங்கள்தான். பத்திரிகைக்குப் படம் எடுத்தே குடும்பம் நடத்துகிறவர் சொல்கிறாரே என்று நம்பினேன். உங்கள் கேமரா எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியில் வாங்கினேன். பிறகு லென்ஸ் என்று ஆரம்பித்தீர்கள். பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இல்லாத லென்ஸ்தான் நல்லது, கிட்டே வேண்டுமென்றால் நாமே நடந்து போக வேண்டும் என்றீர்கள். நடக்கிறது நான் என்றால் லென்ஸ் என்ன வேலை செய்கிறது என்று அப்போதே எனக்கு உறுத்தியது. கடைக்காரர் இரண்டை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று இருபத்து நான்கு மில்லிமீட்டர், மற்றது முப்பத்தைந்து. எண் சிறியதானால் காட்சி அகலமாம். இரண்டுமே வெளிச்சத்தை வாரி உள்ளே விடுமாம், வீட்டு விளக்கிலேயே படம் எடுக்கலாமாம். "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க சார். எது பிடிக்குதோ அதை வச்சுக்கிட்டு இன்னொண்ணைத் திருப்பிக் கொடுங்க" என்றார். முன்பின் தெரியாத ஒருவர் இவ்வளவு நல்லவராக இருந்தால், என் வேலையில் முதலில் அவரைப் பற்றித்தான் விசாரிப்போம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். நொறுங்கிய வண்டி என்று இன்சூரன்ஸ் ஆபீசுக்கு வரும் படங்களைப் பார்த்து நிஜமா பொய்யா என்று சொல்வது. அதில் நான் கற்றது ஒன்றுதான். படத்தின் நடுவைப் பார்க்கக் கூடாது. நடுவில் இருப்பது அவர்கள் காட்ட நினைத்தது, ஓரத்தில் இருப்பது மறைக்க மறந்தது. மரத்தில் மோதியதாக எழுதியிருப்பார்கள், படத்தின் ஓரத்தில் சுத்தியல் கிடக்கும். இப்படிப்பட்ட என்னிடம் கடைக்காரர், இந்த லென்ஸை முழுக்கத் திறந்தால் முகம் மட்டும் தெளிவாக இருக்கும், பின்னால் இருப்பதெல்லாம் குழைந்து மங்கிவிடும் என்று பெருமையாகச் சொல்கிறார். பின்னணி மங்கலான படம் என் மேஜைக்கு வந்தால் அன்றைக்கே தள்ளுபடி. அதைப் போய் ஒருவர் காசு கொடுத்து வாங்குவாரா?

முதலில் இருபத்து நான்கை மாட்டிக்கொண்டு சலூனுக்குப் போனேன். நீங்கள் சொன்னபடியே கிட்டே போய், சலூன்காரரின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று எடுத்தேன். படத்தில் மூக்கு முன்னால் வந்துவிட்டது, காதுகள் இரண்டும் பின்வாங்கிவிட்டன. அவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தார். அன்றைக்கு எனக்கு ஒதுக்கிய கிருதா இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை, வேண்டுமென்றே செய்தார் என்று என்னால் நிரூபிக்க முடியும். அடுத்து மேல்வீட்டுப் பல் டாக்டர் குடும்பத்தை வரிசையாக நிற்க வைத்து எடுத்தேன். ஓரத்தில் நின்ற அவருடைய மாமியார் அகலத்தில் இரண்டு பேராக வந்தார். அந்த அம்மாள் இப்போதெல்லாம் மாடிப்படியில் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறார். டாக்டர் மட்டும் தனியாக வந்து ஒரு பிரதி கேட்டார். முப்பத்தைந்தில் இந்த வம்பு இல்லை, மூக்கு மூக்காகவே இருக்கிறது. ஆனால் எங்கள் சமையலறையில் உங்கள் அக்கா முழுதாக வர வேண்டுமென்றால் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். போனேன். பின்வாசல் தாண்டி, துணி ஊறிக்கொண்டிருந்த பக்கெட்டில் உட்கார்ந்தேன். உங்கள் அக்கா சிரிக்கவில்லை. கை கொடுத்துத் தூக்கிவிட்டு, தாளிக்கப் போய்விட்டாள். எனக்குச் சந்தேகம் தட்டியது அங்கேதான்.

எதை வைத்துக்கொள்ளலாம் என்று அவளிடமே கேட்டேன். முப்பத்தைந்து போதும், மற்றதை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். லென்ஸுக்கும் பூதக்கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாதவள், எண்ணைச் சொல்கிறாள். மறுநாள் நீங்களும் தொலைபேசியில் அதே முப்பத்தைந்தைச் சிபாரிசு செய்தீர்கள். இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உட்கார்ந்து, வீட்டுக்குள் இரண்டு லென்ஸிலும் நாள்தோறும் எடுத்த எல்லாப் படங்களின் ஓரங்களையும் பார்த்தேன். படுக்கையறைக் கதவோரம் நீலப் பெட்டி. பரணில் இருக்க வேண்டியது. முப்பத்தைந்தில் அந்தக் கதவு வெட்டுப்பட்டுவிடுகிறது, இருபத்து நான்கில் தவறாமல் விழுகிறது. முதல் படத்தில் பெட்டி தட்டையாக இருக்கிறது. அடுத்ததில் லேசாக உப்பியிருக்கிறது. அதற்குப் பிறகு மேலே அவளுடைய பச்சைச் சால்வை. கடைசிப் படத்தில் வார் போட்டு இறுக்கியாகிவிட்டது.

அது யார் வீட்டுக்குப் புறப்படுகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. நான் அவளிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாப்பிள்ளை, அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது. காபிப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுகூட எனக்கு யூகம்தான். தனியாக இருந்தால் யாரைத்தான் சந்தேகப்படுவேன், சொல்லுங்கள்.

ஆகவே என் முடிவு இது. இருபத்து நான்கையே வைத்துக்கொள்கிறேன். அதன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. உங்கள் முப்பத்தைந்து நாளைக்குக் கடைக்குப் போகிறது. அக்காவை அழைத்துப் போகிறேன் என்று நீங்கள் இந்தத் தெருவில் கால் வைத்தால், வாசலிலேயே நிறுத்தி, முழ தூரத்தில் உங்கள் முகத்தை இருபத்து நான்கில் எடுத்து உங்கள் பத்திரிகைக்கே அனுப்பி வைப்பேன்.

உங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். உங்களுக்கு உரிய ஆசி விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் உங்கள் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். பெட்டி உங்கள் வீட்டுக்குத்தானாம். கொஞ்ச நாள் தம்பி வீட்டில் இருந்துவிட்டு வருகிறாளாம். நான் கண்டுபிடித்தது சரிதானே என்றேன். அவள் சண்டைக்கு வரவில்லை, அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. "முப்பத்தஞ்சுன்னா நீங்க கொஞ்சம் தள்ளி நிப்பீங்கன்னு தம்பி சொன்னான், அதான் கேட்டேன். குனிஞ்சா படம், நிமிர்ந்தா படம். அத்தனை படத்துலயும் நடுவுல நான்தான் நிக்கிறேன். பெட்டியைப் பாத்தீங்க. என்னைப் பாத்தீங்களா?" என்றாள்.

எல்லாப் படங்களையும் மறுபடி எடுத்து, முதலிலிருந்து, நடுவை மட்டும் பார்த்தேன். முதல் படத்தில் முடியை ஒதுக்கிக்கொண்டு சிரிக்கிறாள். பிறகு வாய் மட்டும் சிரிக்கிறது. பிறகு அதுவும் இல்லை. கடைசிப் படத்தில் என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு சாட்சியத்தை நான் கோட்டை விட்டதே இல்லை.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவளே அவள்தான், போகிற இடத்துக்குத் தபால் எதற்கு என்றாள். பஸ் நிலையம் வரை பெட்டியை நான் தூக்கி வருகிறேன். இருபத்து நான்கு கடைக்குப் போகிறது. முப்பத்தைந்தைப் பச்சைச் சால்வையில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், உங்கள் கேமராவுக்கும் பொருந்தும். நீங்கள் பேசினால் அவள் சிரிப்பாள். அப்போது ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஓரத்தில் எதுவும் தெரிய வேண்டாம். பின்னணி மங்கலாக இருந்தாலும் ஆட்சேபணை இல்லை.