ஒரு வரியும் எழுதாதவர்

அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க வந்த பிரதியில், அருண்ராஜின் கட்டுரையை எழுதியவர்களில் முதல் பெயர் 'மாதப்பன், அ.' என்று இருந்தது. மாதப்பன் அவன் அப்பா. சொந்த ஊரான மார்டள்ளியில் மக்காச்சோளம் போட்டிருக்கிறார்.

தப்பு அவனுடையதுதான். அந்த வெளிநாட்டு ஆய்விதழின் இணையதளம் குடும்பப் பெயர் கேட்டது. நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான் உண்டு. ஒற்றை எழுத்தைப் போட்டால் ஏற்க மாட்டேன் என்றது. சரி தொலையட்டும் என்று இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டுவிட்டான். அவ்வளவுதான், அப்பா விஞ்ஞானியாகிவிட்டார், மகன் இனிஷியலாகிவிட்டான்.

நஞ்சன்கூடு ரசவாழையில் வரும் வாடல் நோயோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி எழுதிய கட்டுரை அது. வெளிவந்தால்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். பேசாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. மாதப்பன் என் அப்பா, பெயரைத் திருத்துங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினான்.

ஆய்வில் அப்பா என்ன வேலை செய்தார் என்று பதில் வந்தது. ஒன்றும் செய்யவில்லை என்று உண்மையை எழுதினான். அப்படியானால் இது நெறிமீறல் என்றார்கள். 'எழுதாதவர் பெயர் கட்டுரையின் தலையில் இருக்கக் கூடாது என்கிறார் சென்னிமலை' என்று ஒரு மேற்கோள் வேறு.

அந்தப் பெயரைப் பார்த்ததும் அருண்ராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆய்வு நெறி பற்றி சென்னிமலை எழுதிய ஒரே ஒரு கட்டுரையை உலகமே மேற்கோள் காட்டுகிறது. நம்ம பக்கத்துப் பெயர்க்காரர் ஒருவர் வெள்ளைக்காரனுக்கு நேர்மை சொல்லிக்கொடுக்கிறாரே என்று அவனுக்கு அப்படியொரு பிரமிப்பு. இணையத்தில் தேடினால் படம்கூடக் கிடைக்காது. மகான்கள் அப்படித்தான் என்று நினைத்து, பெரிய மீசையும் கதர்ச் சட்டையுமாக மனசுக்குள் ஓர் உருவம் செய்து வைத்திருந்தான். அவர் சொல்லையே மீறிவிட்டோமே என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மாதப்பன் என்பதும் நான்தான் என்று எழுதிப் பார்த்தான். ஆள்மாறாட்டமா என்று இப்போது இதழுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாதப்பனே விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் கட்டுரை ரத்து.

ஊருக்குப் போன் போட்டான்.

"எம்பேரு சீமையில அச்சாகியிருக்குதா?" என்றார் மாதப்பன். அம்மா மல்லம்மா போனை வாங்கி, என் பேரை ஏன் போடவில்லை என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவே திரும்பக் கூப்பிட்டார்.

"சாமி, நான் ஒரு எழுத்து எழுதுலியே. நீ பாடுபட்டதுல எம்பேரு எதுக்கு? எடுத்துப்போடச் சொல்லு."

அதை அப்படியே இதழுக்கு அனுப்பினான். அவர்களும் நன்றி சொல்லி மாதப்பனை எடுத்தார்கள். ஒட்டிக்கொண்டிருந்த 'அ.'வும் கூடவே போயிற்று. மிச்சம் இருந்தது ஆய்வு வழிகாட்டி சௌம்யா பெயர் மட்டும்.

சௌம்யா பதறிப்போனார். ஊரார் என்ன நினைப்பார்கள், மாணவன் உழைப்பை நான் முழுங்கிவிட்டேன் என்பார்கள் என்று புலம்பினார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். டாக்டர் வி. சென்னிமலை மைசூருக்குப் பேச வருவதாக அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறது, அவர் ஒரு வார்த்தை சொன்னால் இதழ் கேட்கும்.

அருண்ராஜ் தேவராஜ மொஹல்லா கடைத்தெருவில் மல்லிகை மாலை வாங்கிக்கொண்டு அரங்க வாசலில் நின்றான். மீசை வரும்போதெல்லாம் மாலையைத் தூக்கினான். ஒருவர் மைக் செட்காரர், இன்னொருவர் காவலாளி.

ஆட்டோவிலிருந்து இறங்கிய பருத்திப் புடவைக்கார அம்மா ஒருவர், மாலை யாருக்கு என்று தமிழில் விசாரித்தார். தமிழைக் கேட்டதும் அவன் அழாத குறையாக முழுக் கதையையும் கொட்டிவிட்டான். அப்பா பெயரோடு 'அ.'வும் போன கட்டம் வந்ததும் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கவலைப்படாதீங்க. கட்டுரை உங்களுதுதான்னு நான் இன்னிக்கே இதழுக்கு எழுதறேன்."

"நீங்க எழுதினா எப்படி மேடம்? சென்னிமலை சார்ல்ல சொல்லணும்?"

அந்த அம்மா மாலையை வாங்கிக்கொண்டார்.

"நான் வைஷாலி, தம்பி. சென்னிமலை எங்கப்பா, ஈரோட்டுல பஸ் ஓட்டிட்டிருந்தாரு. அந்தக் கட்டுரையில அவரு ஒரு வரியும் எழுதல."